பழைய கணினியில் வரைகலை அட்டையை மேம்படுத்தல்

பழைய கணினியில் வரைகலை அட்டையை மேம்படுத்தல் என்பது, பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த மேசைக்கணினி ஒன்றின் பிற உறுப்புகளை மாற்றாமல், பின்னாளில் வெளிவந்த குறைந்த விலை வரைகலை அட்டை ஒன்றை அதில் பொருத்துவதைக் குறிக்கும். பேச்சுவழக்கில் இவ்வட்டை கிராபிக்ஸ் கார்டு எனப்படுகின்றது. முப்பரிமாண விளையாட்டுகள், நிகழ்படத் தொகுப்பு, பொறியியல் வரைவு ஆகியவற்றுக்காகவே பெரும்பாலும் இது செய்யப்படுகின்றது. அட்டையின் பெயரிலுள்ள எண்ணைவிட, மாற்றப்படாமல் எஞ்சும் உறுப்புகளே, குறிப்பாக மின்வழங்கியும் தாய்ப்பலகையின் செருகுவாயும், கிடைக்கும் பயனைத் தீர்மானிக்கின்றன.

சென்னைத் தென்புறநகரில்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி ஆகிய பகுதிகளும் அவற்றின் சுற்றுப்புறமும் பொறியியல் கல்லூரிகள் மிகுந்தவை. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகம் 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாகும். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் அலுவலகக் கணினிகள் செப்பனிடப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. மாணவர் பலருக்கு முதற்கணினியாக அமைவது இத்தகைய ஒன்றே.

உறுப்புகளை வாங்க இப்பகுதியினர் நாடும் இடம், அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையிலுள்ள ரிச்சி தெரு ஆகும். தாம்பரத்திலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் கிண்டி வரை சென்று, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே அடையலாம். வீட்டிலிருக்கும் கணினியின் மாதிரி எண், மின்வழங்கியின் பெயர்ச்சீட்டு, செருகுவாய்ப் பகுதி ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்துச் செல்வது நலம். இல்லையேல் பொருந்தாத அட்டையை மாற்ற மறுமுறை வண்டியேற நேரிடும்.

மின்வழங்கி

கடைவழக்கில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியே முதலில் நோக்கத்தக்கது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய் ஒன்று வரைகலை அட்டைக்கு அதிக அளவாக 75 வாட் வழங்கலாம். இதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனி இணைப்பு வேண்டும். ஆறுமுனை இணைப்பி மேலும் 75 வாட்டும், எட்டுமுனை இணைப்பி 150 வாட்டும் தரும்.

மறுவிற்பனையில் பரவலாகக் கிடைக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 என்னும் 2013 ஆம் ஆண்டு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இதன் சிற்றுருவ வகையின் மின்வழங்கி 255 வாட் திறனுடையது; வரைகலை அட்டைக்கான தனி இணைப்பி அதில் இல்லை. மையச் செயலகம் 84 வாட், அட்டை 75 வாட், வன்வட்டும் நினைவகமும் விசிறியும் ஏறத்தாழ 40 வாட் எனக் கூட்டினால் 200 வாட் வருகின்றது. ஆகவே செருகுவாய் மின்சாரத்தால் மட்டும் இயங்கும் அட்டை இதற்குப் போதும். பெரிய மின்வழங்கியை வாங்கி மாட்டிவிடலாம் என எண்ணுவதும் எளிதன்று. இம்மாதிரியின் தாய்ப்பலகை வழக்கமான 24 முனை இணைப்பிக்குப் பதிலாக எட்டுமுனை இணைப்பியைக் கொண்டுள்ளதால் தகவி வடம் தேவைப்படும். சாதாரண மின்வழங்கி சிற்றுருவப் பெட்டிக்குள் அடங்கவும் செய்யாது. சில சிற்றுருவக் கணினிகளில் செருகுவாய்க்குத் தயாரிப்பாளர் 75 வாட்டினும் குறைந்த வரம்பை வகுத்திருப்பதும் உண்டு. எனவே கையேட்டைப் பார்ப்பது கட்டாயம்.

வன்வட்டுக்கான சாட்டா இணைப்பியிலிருந்து வரைகலை அட்டைக்கு மின்சாரம் எடுக்கும் மாற்று வடங்கள் மலிவாக விற்கப்படுகின்றன. இவற்றைத் தவிர்க்கவேண்டும். சாட்டா மின்னிணைப்பியின் 12 வோல்ட்டு முனைகள் தாங்குவது ஏறத்தாழ 54 வாட் மட்டுமே. அதனிடம் 75 வாட்டோ 150 வாட்டோ கேட்டால் நெகிழி உருகும், தீப்பற்றவும் கூடும்.

மின்வெட்டுக்காக வைத்திருக்கும் தடையிலா மின்வழங்கியையும் கணக்கில் கொள்ளவேண்டும். 600 வி.ஏ. என எழுதப்பட்டிருக்கும் வீட்டு யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். கணினியும் திரையும் சேர்ந்து இதனை நெருங்கினால் மின்சாரம் போனவுடன் கணினியும் அணைந்துவிடும்; யு.பி.எஸ். வைத்திருந்தும் பயனில்லை.

செருகுவாயும் தடங்களும்

1990களின் பி.சி.ஐ., அதன்பின் வந்த ஏ.ஜி.பி. ஆகிய செருகுவாய்களை 2004 முதல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பதிலீடு செய்தது. ஏ.ஜி.பி. பலகையுடைய கணினிக்கு இன்றைய அட்டை எதுவும் பொருந்தாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் தலைமுறைகள் ஒன்றோடொன்று ஒத்தியங்குவன; ஆயினும் வேகம் இரண்டில் குறைந்ததற்கே இறங்கும்.

பதினாறு தடங்கள் கொண்ட செருகுவாய், இரண்டாம் தலைமுறையில் நொடிக்கு 8 ஜிகாபைட்டும் மூன்றாம் தலைமுறையில் 16 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் கடத்தும். அண்மைக்காலக் குறைந்த விலை அட்டைகள் சிலவற்றில் செலவைக் குறைக்கும்பொருட்டு நான்கு தடங்கள் மட்டுமே இணைக்கப்பட்டுள்ளன. 2022 இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரேடியான் ஆர்.எக்ஸ். 6400 இத்தகையது. நான்காம் தலைமுறைப் பலகையில் நொடிக்கு 8 ஜிகாபைட்டை நெருங்கும் இவ்வட்டை, மூன்றாம் தலைமுறையில் 4 ஜிகாபைட்டுக்கும், 2011 ஆம் ஆண்டின் இன்டெல் கணினிகளிலுள்ள இரண்டாம் தலைமுறையில் வெறும் 2 ஜிகாபைட்டுக்கும் சுருங்கிவிடும். அட்டையிலுள்ள 4 ஜிகாபைட்டு நினைவகத்துக்குள் விளையாட்டின் தரவு அடங்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. அடங்காதபோது தரவு கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து இக்குறுகிய வழியாகவே வரவேண்டியிருப்பதால் படம் விட்டுவிட்டு ஓடும்.

இதற்கு மாறாக, 2019 ஏப்ரலில் வெளிவந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 பதினாறு தடங்களையும் பயன்படுத்துகின்றது. எனவே பழைய பலகையில், மூன்றாண்டு மூத்த இவ்வட்டையே சிறந்த தெரிவாக அமையக்கூடும். கடைக்காரர் புதியது எனப் பரிந்துரைப்பதில் பொய் இல்லை. அது புதிய பலகைக்கு வடிவமைக்கப்பட்டது என்பதே செய்தி.

இன்டெல் ஆர்க் அட்டைகள் இவ்வகையில் இன்னும் கண்டிப்பானவை. ரீசைசபிள் பார் எனப்படும் வசதி பலகையில் இல்லாவிடின் இவற்றின் வேகம் பெரிதும் குறைகின்றது. பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிகளுக்கு இவற்றை அந்நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

ஒரே பெயரில் இரு அட்டைகள்

வாங்குவோர் பெரிதும் ஏமாறுவது இவ்விடத்திலேயே. ஜி.டி. 1030 என்னும் பெயரில் 2017 இல் வந்த அட்டை ஜி.டி.டி.ஆர். 5 நினைவகம் கொண்டது. அதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட்டு. 2018 இல் அதே பெயரில் வந்த டி.டி.ஆர். 4 வகையில் அது 17 ஜிகாபைட்டுக்கும் குறைவு. பெட்டியின் முகப்பில் இரண்டும் 2 ஜிகாபைட்டு என்றே கூறும். ஆர்.டி.எக்ஸ். 3050 என்பதும் இவ்வாறே: 2022 இன் 8 ஜிகாபைட்டு வகைக்கு 130 வாட் தேவை, 2024 பெப்ரவரியில் வந்த 6 ஜிகாபைட்டு வகைக்கு 70 வாட் போதும். வேகம் குறைந்ததாயினும், பழைய அலுவலகக் கணினிக்கு உரியது பின்னதே. ஜி.டி.எக்ஸ். 1650 இலும் தனி இணைப்பி உள்ளவை, இல்லாதவை என இருவகை உண்டு.

ஜி.டி. 710 பல ஆண்டுகளாகப் புதியதாகவே விற்கப்பட்டு வந்தது. ஆனால் அதன் கெப்ளர் கட்டமைப்புக்கான புதிய இயக்கிகளை என்விடியா 2021 இல் நிறுத்திவிட்டது. கூடுதல் திரை இணைக்க உதவுமே தவிர, விளையாட்டுக்கு இது ஏற்றதன்று.

பயன்படுத்திய அட்டைகளைப் பொறுத்தவரை, எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று அகழ்தல் முறையைக் கைவிட்டபின் ஏராளமானவை சந்தைக்கு வந்தன. அகழ்தலில் உழைத்த அட்டை கெட்டது என்று கொள்ளவேண்டியதில்லை. விசிறியும் வெப்பப்பசையும் தேய்ந்திருக்கும். கடையிலேயே அரைமணி நேரம் சுமையேற்றி ஓட்டிக்காட்டச் சொல்வது தகும். இணைப்பிகளில் பச்சைநிறத் துரு காணப்படுமாயின், நீரோ ஈரமோ பட்ட அட்டை எனத் தவிர்த்துவிடலாம். 2015 திசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்த வட்டாரத்தில் இது வீண் எச்சரிக்கையன்று.

திரையும் பயாசும்

2016 முதல் வந்த என்விடியா அட்டைகள் பழைய வி.ஜி.ஏ. திரைகளுக்கான ஒப்புமைக் குறிகையைத் தருவதில்லை. அத்தகைய திரைக்கு, மின்சுற்று உள்ளமைந்த மாற்றி தேவை. வெறும் வடமாற்றி இயங்காது. மேலும் 2012 க்கு முந்தைய பயாஸ் கொண்ட சில பலகைகளில் புதிய அட்டை பொருத்தியவுடன் திரை கறுப்பாகவே நிற்கும். தயாரிப்பாளர் தளத்திலுள்ள கடைசிப் பயாஸ் பதிப்பை, பழைய அட்டை இருக்கும்போதே நிறுவிக்கொள்வது நன்று.

எப்போது வேண்டாம்

கணினி தொடங்கவே சில நிமிடங்கள் ஆகின்றது என்பதுதான் குறை எனில், வரைகலை அட்டை அதனைத் தீர்க்காது. திண்மநிலை வட்டும் 8 ஜிகாபைட்டுக்குக் குறையாத நினைவகமும் குறைந்த செலவில் அதனைச் செய்யும். நிரலாக்கம், தட்டச்சு, இணைய உலாவல் ஆகியவற்றுக்குச் செயலகத்துடன் இணைந்த வரைகலையே மிகுதி. விண்டோசு 10 இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலகங்களை ஏற்பதில்லை. ஆகவே அட்டைக்குச் செலவிடும் முன் எந்த இயக்குதளத்தில் தொடரப்போகிறோம் என்பதையும் முடிவுசெய்யவேண்டும். லினக்சில் ஏ.எம்.டி. அட்டைகளுக்கான இயக்கி கருனியிலேயே உள்ளது.

பொருத்துதல்

மின்வடத்தைக் கழற்றி, பெட்டியின் உலோகப்பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கியபின் பழைய அட்டையை எடுக்கலாம். செருகுவாயின் முனையிலுள்ள கொக்கியை விடுவிக்காமல் இழுத்தால் அது முறியும். புதிய அட்டை கொக்கி ஒலியுடன் அமரும்வரை நேராக அழுத்தித் திருகிடவேண்டும். திரைவடத்தை அட்டையிலுள்ள துளையிலேயே இணைக்கவேண்டும். பழக்கத்தால் தாய்ப்பலகைத் துளையில் இணைத்துவிட்டு அட்டை பழுது என எண்ணுவோர் பலர். சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய அறையில் ஓட்டுவதாயின் பெட்டியின் தூசியைத் துடைத்து, அட்டையின் வெப்பநிலையை முதல் சில நாட்கள் கவனித்து வரலாம். கழற்றிய பழைய அட்டையை உடனே விற்றுவிடாமல் வைத்திருப்பது நலம்: பின்னொருநாள் திரை வராதுபோனால், குறை அட்டையிலா பலகையிலா என அறிய அதுவே கைக்கருவி.