கைலாசநாதர் கோயிலும் காஞ்சியின் அசரீரியும்

காஞ்சிபுரத்தின் மேற்கில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களுக்கு அப்பால் அமைந்துள்ளது கைலாசநாதர் கோயில். இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எடுப்பித்த கற்றளி இது. கட்டியவன் பெயரால் இராஜசிம்ம பல்லவேச்சரம் எனப்பட்டது. சோழர் காலத்தில் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று வழங்கியது. இதன் விமானம், சுற்றாலைச் சிற்பங்கள், 1931-இல் ழூவோ துப்ராய் கண்டறிந்த ஓவியங்கள் ஆகியவை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளன. இக்கோயிலைக் கட்டிய மன்னன் அசரீரி கேட்டான் என்று கோயிலிலேயே வெட்டப்பட்டுள்ள செய்தி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

விமானத்தைச் சுற்றி ஓடும் அக்கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில் 12 வடமொழிச் சுலோகங்களாக அமைந்தது. ஹுல்ட்ஸ் இதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் (1890) பதிப்பித்தார். பிரமனில் தொடங்கித் துரோணர், அசுவத்தாமன் வழியாக இறங்கும் குலவரிசை முதலில் வருகிறது. பிறகு இராஜசிம்மனின் பிறப்பும் பெருமையும். அதையடுத்து அசரீரிச் செய்தி. துஷ்யந்தன் போன்ற முற்காலத்து மன்னர்கள் வானொலியைக் கேட்டதில் வியப்பில்லை, நற்குணங்கள் விலகிவிட்ட கலியுகத்தில் ஸ்ரீபரன் அதைக் கேட்டதே வியப்பு என்பது அச்சுலோகத்தின் கருத்து. ஸ்ரீபரன் என்பது இராஜசிம்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. குரல் சொன்னது என்ன என்பது பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை.

துஷ்யந்தனைக் கவி தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. மகாபாரதத்தில் சகுந்தலையின் மகனைத் தன் மகன் அல்லன் என்று துஷ்யந்தன் மறுக்கிறான். அவையோர் கேட்க அசரீரி எழுந்து சாட்சி சொன்ன பிறகே ஏற்கிறான். அங்கே அசரீரியின் வேலை அரச வாரிசுக்குச் சான்று தருவது. அசுவத்தாமன் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்ட பல்லவர்க்கும் அத்தகைய சான்று பயன்பட்டிருக்கும்.

கிரேக்கத்து டெல்பியோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். டெல்பியில் அப்பல்லோவின் வாக்கு ஒரு நிறுவனம். கேட்க வருபவர் காணிக்கை செலுத்துவார், பித்தியா என்னும் பெண் முக்காலியில் அமர்ந்து விடை சொல்வாள். ஆறு கடந்து போரிட்டால் ஒரு பேரரசு அழியும் என்று பதில் பெற்ற லிதியா மன்னன் குரோசஸ், அழிந்தது தன் பேரரசே என்று பின்னர் அறிந்த கதையை ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1892-இல் தொடங்கிய அகழாய்வில், நகர அரசுகள் எழுப்பிய காணிக்கைக் கருவூலங்கள் மலைச்சரிவு நெடுக வெளிப்பட்டன. காஞ்சிக் கல்வெட்டில் கேள்வியும் இல்லை, இடையில் நின்று சொல்பவரும் இல்லை.

கேள்வி, இடையாள், விடை மூன்றும் அமைந்த நிகழ்ச்சியைக் காஞ்சியிலேயே வைணவ மரபு சொல்கிறது. அத்தியூர் வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி, பெருமாளோடு பேசுபவர் எனப்பட்டவர். இராமானுஜரின் ஐயங்களை அவர் முன்வைக்க, ஆறு வார்த்தைகள் விடையாகக் கிடைத்தன என்கின்றன குருபரம்பரை நூல்கள். அவற்றுள் ஒன்று பெரிய நம்பியைக் குருவாகக் கொள்ளச் சொன்னது. குரோசஸ் பெற்ற விடை போல இருபொருள் படும் வார்த்தை அவற்றில் இல்லை.

இராஜசிம்மனின் அசரீரிக்குத் தமிழ் மரபு தந்த உருவம் பெரியபுராணத்தில் உள்ளது. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்து, கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரைக் கூட்டி, நாள் குறித்துக் கோயிலைக் கட்டி முடிக்கிறார். அதே நாளில் கச்சியில் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்த காடவர் மன்னனும் குடமுழுக்குக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். முதல் நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளைக்கு அன்பன் கட்டிய ஆலயத்தில் புகுகிறோம், உன் நாளைத் தள்ளி வை என்கிறார். அக்கோயிலைத் தேடித் திருநின்றவூர் சென்ற மன்னனுக்கு ஊரார் காட்ட ஒரு செங்கல்லும் இல்லை.

சேக்கிழார் அம்மன்னனின் இயற்பெயரைச் சொல்லவில்லை. கச்சிக் கற்றளி, பல்லவர்க்கு வழங்கிய காடவர் என்னும் பெயர், கல்வெட்டின் அசரீரி ஆகியவற்றைச் சேர்த்தே ஆய்வாளர் பலர் அவனை இராஜசிம்மன் என்கின்றனர். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உள்ளன. எனவே கல்வெட்டு புராணத்துக்குச் சாட்சி என்று கொள்வது மிகை. மன்னன் இறைக்குரல் கேட்டான் என்னும் நினைவு ஊரில் தங்கியிருந்தது என்று மட்டும் கொள்ளலாம். அதிலும் தலைகீழ் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. கல்வெட்டில் அசரீரி மன்னனை உயர்த்துகிறது. புராணத்தில் அதே குரல் அவனைக் காத்திருக்கச் சொல்கிறது.

கற்றளியின் பிற்கால வரலாறும் அதன் கற்களிலேயே இருக்கிறது. காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் திருப்பி அளித்ததை முன்மண்டபத் தூணிலுள்ள கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. குலோத்துங்க சோழன் காலத்தில் கோயில் மூடப்பட்டு, அதன் நிலங்கள் அருகிலுள்ள அனேகதங்காவதேசுவரர் கோயிலுக்குப் போயின. கம்பண உடையார் காலத்தில், 1364-இல், அவை மீட்கப்பட்டுப் பூசை மீண்டும் தொடங்கியது.