பொயோத்தியச் சுடுமண் பறவைகள்

பொயோத்தியா, கிரேக்கத்தின் நடுப்பகுதியில் ஆத்திக்காவுக்கு வடமேற்கே உள்ள நிலப்பகுதி. தீப்ஸ் அதன் தலைமை நகரம். கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் இங்கே வண்ணம் தீட்டிய சிறிய மண் பறவைகள் செய்யப்பட்டன. இறந்தவரோடு கல்லறையில் வைப்பதற்கும், கோயிலில் நேர்த்திக்கடனாகச் செலுத்துவதற்கும் இவை பயன்பட்டன. சேவலும் புறாவும் அதிகம். பல பறவைகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தொடக்ககாலப் பறவைகள் கையால் பிடித்தவை. ஒரு பிடி களிமண்ணை உருட்டி, ஒரு முனையைக் கிள்ளினால் அலகு. மறுமுனையைத் தட்டையாக்கினால் வால். கால்களுக்குப் பதிலாகக் கூம்பு போன்ற ஒற்றை அடி. இறகுகளைக் கறுப்பு, பழுப்புக் கோடுகளாகவே காட்டினார்கள். அந்தப் பூச்சு மண்ணோடு சேர்ந்து சூளையில் வெந்ததால் இன்றும் அழியாமல் நிற்கிறது. பிற்காலத்தில் அச்சு வந்தது. சுடும் முன் வெண்களிமண் பூசி, சுட்ட பிறகு சிவப்பும் மஞ்சளும் தீட்டினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் உறுதி போதாது. கொண்டையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் சிவப்பைக் கொண்டுதான் சேவலின் பழைய கோலத்தை ஊகிக்க முடிகிறது.

சேவல் கிரேக்கத்துக்குக் கிழக்கிலிருந்து வந்த பறவை. நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் அதைப் ‘பாரசீகப் பறவை’ என்றே குறிப்பிடுகிறார். அதன் மூதாதையோ தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காட்டுக்கோழி. பாதாள உலகின் அரசி பெர்செஃபனிக்குச் சேவல் உகந்தது. தென் இத்தாலியின் லோக்ரியில் கிடைத்த சுடுமண் பலகைகளில் அவளருகே சேவலைக் காணலாம். நோய் தீர்க்கும் கடவுள் அஸ்கிலீபியஸுக்கும் சேவல் காணிக்கை உண்டு. சாகும் தறுவாயில் சாக்ரடீஸ் நினைவூட்டிய கடன் அதுவே. புறா, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கு உரியது.

குழந்தைகளின் கல்லறையில் கிடைக்கும் பறவை விளையாட்டுப் பொம்மையா, படையலா? இரண்டாகவும் இருக்கலாம். ஒரே வடிவம் கோயிலிலும் கல்லறையிலும் கிடைப்பதால், உருவத்தை வைத்துப் பயனைச் சொல்ல முடியாது; கிடைத்த இடமே சாட்சி. பொயோத்தியாவின் ரிட்சோனாவில் உள்ள கல்லறைகளை 1907 முதல் தொல்லியலாளர்கள் ரொனால்ட் பரோஸும் பெர்சி யூரும் அகழ்ந்தபோது, குழிவாரியாக எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். பானைகளின் காலத்தைக் கொண்டு, உடன் கிடைத்த பொம்மைகளின் காலமும் தெளிவானது. பொயோத்தியாவின் இன்னோர் ஊரான தனக்ராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1870களில் அங்கே ஆயிரக்கணக்கான கல்லறைகள் கொள்ளை போயின. பொம்மைகள் சந்தைக்குப் போயின, கூடவே போலிகளும் பெருகின. அப்படிக் கைமாறி வந்த பறவைகளின் அருங்காட்சியகச் சீட்டில் ‘பொயோத்தியா’ என்ற ஒரு சொல்தான் இருக்கும்.