சுயமரியாதைத் திருமணமும் 1967ஆம் ஆண்டுத் திருத்தமும்: ‘அல்லது’ என்னும் சொல்லின் சட்ட வரலாறு

முன்னுரை

வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமய்யர் (1872–1898) ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஒரு குழந்தைத் திருமணத்தை விரிவாகச் சித்திரிக்கிறது. சிறுமி லட்சுமிக்கும் சிறுவன் ஸ்ரீநிவாசனுக்குமான உறவைப் பெரியோர் பேசி முடிக்கின்றனர்; ஊர் கூடுகிறது; சடங்கு நடக்கிறது. மணமக்களின் சம்மதம் அங்கு ஒரு பொருட்டே அன்று. அந்நாவல் வெளிவந்து முக்கால் நூற்றாண்டு கழிவதற்குள், அதே மாகாணத்தின் சட்டமன்றம் சடங்கை விலக்கி, இருவரின் அறிவிப்பு ஒன்றே திருமணத்திற்குப் போதுமானது என விதித்தது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவே அவ்விதி. அது எந்த அளவுக்குத் திருமண உரிமையை விரித்தது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாநிலமும் திருமண உரிமையும்

அமெரிக்காவில் சில மாநிலங்கள் தத்தம் அரசமைப்பின் வழியாகவும் திருமண உரிமையைச் சுருக்கின. வேற்றின மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தகைய தடை வாசகம் தென் கரோலினாவின் அரசமைப்பில் 1998 வரையிலும் அலபாமாவின் அரசமைப்பில் 2000 வரையிலும் நீடித்தது. 2008இல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் வழியே, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே எனத் தன் அரசமைப்பில் எழுதிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்குத் தனி அரசமைப்பு இல்லை. திருமணம் ஏழாம் அட்டவணையின் பொதுப் பட்டியலில் ஐந்தாம் பதிவாக உள்ளது. ஆகவே மைய அரசின் சட்டத்திலிருந்து மாநிலம் விலகிச் செல்ல வேண்டுமாயின், 254(2) உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. அமெரிக்காவில் அவ்விவாதம் நடைபெற்ற அதே 1967இல், சென்னை மாநிலம் இவ்வழியைப் பின்பற்றி எதிர்த் திசையில் நகர்ந்தது.

வழக்காறு என்னும் தடை

1928 மே 28 அன்று அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரின்றி நடந்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிக்கப்படுகிறது. அடுத்த நாற்பதாண்டுகளில் இம்முறை பரவியது. ஆனால் சட்டம் அதனை ஏற்கவில்லை. 1934இல் நடந்த அத்தகைய திருமணம் ஒன்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானபோது, அது செல்லாது என முடிவாயிற்று. வழக்காறு என்பது தொன்மை உடையதாக இருத்தல் வேண்டும். ஓர் இயக்கம் அண்மையில் தோற்றுவித்த முறை வழக்காறு ஆகாது என்பது அதன் அடிப்படை. பழமையை மறுத்தெழுந்த ஓர் இயக்கத்திடம் பழமைக்குச் சான்று கேட்கப்பட்டது என்பதில் ஒரு முரண் உண்டு.

1955ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நிலையை மாற்றவில்லை. அதன் 7ஆம் பிரிவு, மணமக்களுள் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளின்படி திருமணம் நடைபெற வேண்டும் என்றது. இதன் விளைவு கருத்தளவில் நின்றுவிடவில்லை. 1965இல் உச்ச நீதிமன்றம், உரிய சடங்குகள் நிறைவேறாத இரண்டாம் மணம் இருதார மணக் குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. சடங்கின் குறைபாடே கணவனுக்குக் கேடயமாயிற்று. மனைவிக்கு வழக்குரிமையும் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையும் ஐயத்துக்குள்ளாயின.

1967ஆம் ஆண்டுத் திருத்தம்

அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த சட்டவரைவு 1967 நவம்பரில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தாம் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் எது நடப்பினும் திருமணம் முழுமை பெறும். வரைவில் தாலியை இன்றியமையாததாக்கிய ‘மற்றும்’ என்னும் சொல் பெரியாரின் கருத்துக்கு இணங்க ‘அல்லது’ என மாற்றப்பட்டதாகத் திராவிட இயக்க மரபில் கூறப்படுகிறது. அச்செய்தி எவ்வாறிருப்பினும், சட்டத்தின் உயிர் அவ்விணைப்புச் சொல்லிலேயே உள்ளது. ‘மற்றும்’ இருந்திருப்பின், புரோகிதர் நீங்கிய இடத்தில் தாலி அமர்ந்திருக்கும்.

முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாள் முதலே செல்லும் எனவும், அவற்றில் பிறந்தோர் முறையான பிள்ளைகளே எனவும் திருத்தம் விதித்தது. புதுச்சேரியும் 1971இல் இதனைப் பின்பற்றியது.

2001இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த இருதார மண வழக்கொன்றில், தன் இரண்டாம் மணத்தில் ஏழடி நடக்கும் சடங்கு நிகழவில்லை என்று கணவர் வாதிட்டார். 7-அ பொருந்துவதால் அச்சடங்கு தேவையில்லை என நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. 1965இல் கிடைத்த கேடயம் தமிழ்நாட்டில் இவ்வாறு முறிந்தது. இத்திருத்தத்தைப் பகுத்தறிவுக் கொள்கையின் வெற்றியாக மட்டும் காண்போர், முதல் மனைவிக்கு அது தந்த இப்பாதுகாப்பைப் பெரும்பாலும் கருத்திற்கொள்வதில்லை.

யார் முன்னிலையில், எந்த இருவர்

‘பிறர் முன்னிலையில்’ என்னும் தொடர் பின்னர்ச் சிக்கலாயிற்று. வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் திருமணங்கள் சுயமரியாதைத் திருமணம் ஆகா என்று 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. சட்டத்தில் இல்லாத ‘ஊரறிய’ என்னும் நிபந்தனை இதன்வழி நுழைந்தது. போலிச் சான்றிதழ்கள் பற்றிய அச்சம் பொருளற்றதன்று. எனினும் சாதி கடந்து மணப்போருக்கு ஊரறியச் செய்வதே உயிருக்கு ஆபத்தாகக்கூடும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்நோக்கில் அம்முடிவை நிராகரித்து, பொது அறிவிப்புக் கட்டாயமில்லை என்றது.

‘இரு இந்துக்கள்’ என்னும் தொடரோ இன்றும் மாறவில்லை. மதம் கடந்து மணப்போர், அவரவர் மதத்திலேயே நீடிக்க விரும்பின், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தையே நாட வேண்டும். அங்கு முப்பது நாள் முன்னறிவிப்பு பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். மதத்தை மறுத்த இயக்கத்தின் திருமணமுறை மத அடையாளத்தை நுழைவுத் தகுதியாகக் கொண்டிருப்பது, தனிச் சட்டம் இயற்றாமல் இந்துச் சட்டத்துக்குள் திருத்தம் செய்ததற்கு அவ்வியக்கம் கொடுத்த விலை எனலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட மதுரைக் கிளை, 2019 ஏப்ரலில், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்து, தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த திருமணத்தைப் பதிவுசெய்ய ஆணையிட்டது. ஆனால் ஒருபாலினத்தோர் திருமணம் குறித்து 2023 அக்டோபர் 17இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, அத்தகைய மாற்றம் சட்டமன்றங்களுக்கு உரியது என ஒதுங்கியது. 1953இல் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றானபோதும் அதற்குத் தீர்வு சட்டமன்றத்திலிருந்தே வந்தது. அது வர பதினான்கு ஆண்டுகள் ஆயின.