சாப்பிட்டதும் சுவரில் தலையை முட்டி நிற்குதா உங்க நாய்க்குட்டி? கல்லீரலையும் கவனிங்க!

நன்றாகச் சாப்பிட்ட குட்டி, கொஞ்ச நேரத்தில் தள்ளாடுகிறது. சுவரில் தலையை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கிறது. எச்சில் ஒழுகுகிறது. சில மணி நேரத்தில், எதுவுமே நடக்காத மாதிரி வாலாட்டிக்கொண்டு வருகிறது. 'வலிப்பா இருக்குமோ' என்றுதான் முதலில் தோன்றும். இருக்கலாம். ஆனால், கல்லீரல் கோளாறாலும் இப்படி நடக்கும். உடனே போனில் ஒரு வீடியோ எடுங்கள்; கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்பதையும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

குடலிலிருந்து வரும் ரத்தம், 'போர்ட்டல் வெயின்' என்ற குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போக வேண்டும். அங்கேதான் அதிலுள்ள அம்மோனியா யூரியாவாக மாறும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குவழிக் குழாய் இருக்கும். இதை 'ஷன்ட்' என்பார்கள். ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் அந்த வழியில் நழுவிவிட, அம்மோனியா நேராக மூளைக்குப் போய்விடும். வளர்ச்சியும் குறையும். ஷீ ட்சூ, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற குட்டி இனங்களில் இந்தக் குழாய் பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே இருக்கும். லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் உள்ளே.

வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தத்தில் பித்த அமிலத்தை அளந்தால், சந்தேகம் வலுக்கும். அல்ட்ராசவுண்டிலும் ஷன்ட் தெரியலாம். ஆனால், குடலில் வாயு இருந்தால் படம் மறைந்துவிடும். ஸ்கேன் செய்பவரின் அனுபவமும் முக்கியம்.

சி.டி ஆஞ்சியோவில் இந்தத் தொல்லை குறைவு. முன்னங்கால் நரம்பில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, அது போர்ட்டல் குழாய்க்கு வந்து சேரும் நேரத்தில் படம் எடுப்பார்கள். ஷன்ட் எங்கே கிளம்பி எங்கே சேருகிறது, எவ்வளவு அகலம் என்பதை முப்பரிமாணத்தில் பார்க்கலாம். வயிற்றைத் திறந்து தேட வேண்டியதில்லை. கத்தியை எடுக்கும் முன்பே சர்ஜன் கையில் மேப் இருக்கும்.

குட்டி அசையாமல் இருக்க மயக்க மருந்து தேவை. கல்லீரல் பலவீனமாக இருப்பதால், மருந்து இறங்க நேரமாகும். அதனால், லாக்டுலோஸ் சிரப் (நமக்கு மலச்சிக்கலுக்குத் தருவார்களே, அதேதான்), உணவு மாற்றம் என்று முதலில் உடம்பைத் தேற்றுவார்கள். எத்தனை மணி நேரம் பட்டினி போடணும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குட்டிகளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஷன்ட்டை ஒரேயடியாக அடைத்தால் போர்ட்டல் குழாயில் அழுத்தம் எகிறும். அதனால், வெளியே இருக்கும் ஷன்ட்டில், உள்ளே மெல்ல வீங்கும் வளையம் ஒன்றை மாட்டுவார்கள். சில வாரங்களில் அதுவாகவே வழியை அடைக்கும். ஆபரேஷன் சரிப்படாத குட்டிகளுக்கு மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தொடரும். நீங்களாகவே கறியை நிறுத்திவிடாதீர்கள், வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.