பங்குப் பள்ளியும் தேர்ச்சி அட்டையும்

யூபிலி மலருக்கு நம் பள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமெனப் பங்குத்தந்தை அவர்கள் பணித்தபோது, கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும் தலைமையாசிரியர்களின் வரிசையையும் எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். அவையெல்லாம் பள்ளிச் சுவரில் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வேறொன்றை எழுதத் துணிந்தேன். பள்ளியில் பிள்ளை என்ன கற்றான் என்பதை வீட்டாருக்கு யார் சொன்னார்கள், எவ்வாறு சொன்னார்கள் என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிவப்பு மையால் அட்டைகளை நிரப்பியவன் என்ற முறையில் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணைகொண்டு செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில் ஒரு செய்தி உண்டு. தம்மிடம் கற்றதைப் பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று தாய் தந்தையர்க்கும் வீட்டிலுள்ளோர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டுமெனப் பணித்திருந்தாராம். இதைவிட நல்ல தேர்ச்சி அறிக்கையை நான் கண்டதில்லை. அட்டை இல்லை, மதிப்பெண் இல்லை. பிள்ளை திண்ணையில் அமர்ந்து வாய் திறந்து சொன்னால், அவன் கற்றிருக்கிறான் என்று தாய்க்குத் தெரிந்துவிடும். சவேரியார் ஊருக்கு ஒருவரைக் கற்பிக்கும் பொறுப்பில் வைத்துச் சென்றார். பின்னாளில் உபதேசியார் என்று நம் ஊர்கள் அறிந்த பணி அந்த வழியில் வந்ததே.

அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். ஆயினும் அச்சுப் புத்தகம் சாதாரணப் பிள்ளையின் கைக்கு வர இன்னும் பல தலைமுறைகள் ஆயின. அதுவரை மணலும் பனையோலையுமே பாடநூல்கள். திண்ணைப் பள்ளியில் விரலால் மணலில் எழுத்தைக் கீறி, உரக்கச் சொல்லிக் கற்றார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குக் கற்பித்தான். ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்த வந்தவர். மணலில் எழுதும் இம்முறையை நம் ஊர்ப் பள்ளியொன்றில் கண்டு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்துத் தம் இல்லத்தில் நடத்திப் பார்த்தார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கிற்று. நம் மணல் கப்பலேறிச் சீமைக்குப் போன கதையை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே சற்றுப் பெருமையாக இருக்கும்.

1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு உதவித்தொகை நம் போன்ற பள்ளிகளுக்கு வழி திறந்தது. பங்குக் குருக்கள் கூரைக் கொட்டகைகளை நம்பிக்கையோடு எழுப்பினார்கள். ஆனால் 1860-களின் பிற்பகுதியில் இம்மாகாணத்தில் ‘பயனுக்கேற்ற ஊதியம்’ என்ற முறை வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம். தேறாத பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதன் விளைவு என்னவாயிருக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். பிள்ளையின் கல்வி பற்றிய செய்தி வீட்டை நோக்கிப் போவது நின்று, இன்ஸ்பெக்டரின் மேசையை நோக்கித் திரும்பியது. மெதுவாகக் கற்கும் பிள்ளை பள்ளிக்கு நட்டமாகிவிட்டான். 1904-இல் இந்திய அரசின் கல்வித் தீர்மானம் இம்முறைக்கு எதிராக நின்றது, முறை மறைந்தது. அச்சம் மட்டும் மறையவில்லை. நான் மாணவனாயிருந்த காலத்திலும் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சுண்ணாம்பு அடிப்பதும், பக்கத்துப் பள்ளியிலிருந்து தேசப்படம் இரவல் வாங்குவதும், திக்குவாய்ப் பையனைக் கடைசி வரிசையில் உட்காரவைப்பதும் நடந்தன.

1953-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு அரைநாள் படிப்பு என்ற திட்டம் வந்து, எதிர்ப்புக்குப் பின் 1954-இல் கைவிடப்பட்டது. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். வகுப்பறை நிறைந்ததற்குக் காரணம் எங்கள் போதனை அல்ல, அந்தச் சோறுதான் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். 1958-இல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கியபோது, ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் சுவர்க் கடிகாரமும் நன்கொடையாகத் தந்தார்கள். பின்னர் 1982 சூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது.

அந்நாளைய மாணவர் செயல்களையும் சிறிது சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் மாணவர் மன்றம் கூடும். ஒருவன் திருக்குறள் சொல்வான், ஒருத்தி விடுகதை போடுவாள். தக்ளியில் நூல் நூற்றோம். நூல் அறுந்ததே மிகுதி. பாலர் சபைக்கு உண்டியலில் காசு சேர்த்தோம். தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டு மதிய உணவுக் குழம்பில் போட்டோம். ஆண்டுவிழாவில் கும்மியும் கோலாட்டமும் உண்டு. சூசையப்பர் வேடம் போட்டவனின் தாடி நாடகத்தின் நடுவே கழன்று விழுந்ததும் உண்டு. இவற்றுக்கெல்லாம் தேர்ச்சி அட்டையில் இடமே இல்லை.

அந்த அட்டையைப் பற்றித்தான் எழுத வந்தேன். மடித்த மஞ்சள் அட்டை. தமிழ், கணக்கு, சுற்றுப்புறவியல் என்று கட்டங்கள். அடியில் ‘ஆசிரியர் குறிப்பு’. அதற்கும் கீழே ‘பெற்றோர் கையொப்பம்’. திரும்பி வரும் அட்டைகளில் பாதிக்கு மேல் கைநாட்டுதான் இருக்கும். வாசிக்கத் தெரியாத ஒருவர் வாசித்ததாக மைதொட்டு வைத்த அடையாளம் அது. இதன் பொருத்தமின்மை எனக்குப் பல ஆண்டுகள் உறைக்கவே இல்லை.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தகப்பனார் பனையேறி. பதநீர் இறங்கும் காலத்தில் பையன் பாதி நாள் வரமாட்டான், வந்தால் தூங்குவான். காலாண்டு அட்டையில் அவனுக்கு எதிரே ‘மந்தம்’ என்று எழுதினேன். பையன் அதை வீட்டில் காட்ட, தகப்பனார் கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டிருக்கிறார். கடையில் நாலு பேர் இருக்கையில் கடைக்காரர் உரக்க வாசித்துவிட்டார். மறுவாரம் முதல் பையன் வரவில்லை. பத்து நாள் கழித்து விளைக்குத் தேடிப் போனேன். கருப்பட்டிச் சிப்பங்களை எண்ணி வியாபாரியிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தப் பையன்தான். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. கணக்கில் பிழையும் இல்லை. தகப்பனாரிடம் பள்ளிக்கு அனுப்பும்படி கெஞ்சினேன். “படிப்பு அவனுக்கு வராதுன்னு நீங்கதானய்யா எழுதிக் கொடுத்தீக” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாத்தியார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் சொன்னார். பையன் திரும்பவே இல்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டில் அவன் பெயரை நானே அடித்தேன். இன்று அவர் இப்பங்கின் மதிப்புக்குரிய குடும்பத் தலைவர். ஞாயிறு திருப்பலியில் என்னைக் கண்டால் எழுந்து இடம் தருகிறார். எனக்குத்தான் உட்காரக் கூசுகிறது.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று கூறியிருந்தது. நான் அதை ஆசிரியர் தியானங்களில் கேட்டிருந்தேன், தலையாட்டியும் இருந்தேன். அதன் பொருள் விளங்கியது இந்த நிகழ்ச்சிக்குப் பின்தான். தலைமைப் பொறுப்பு வந்தபோது, அட்டையை வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தாயின் அருகில் நின்று ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட வேண்டும். முதல் தடவை ஓர் அம்மா அட்டையைக் கையில் வாங்காமலே கேட்டார்: “இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதுய்யா. எம் புள்ள வாசிக்கது கேட்டுட்டேன். போதும்.” சவேரியாரின் மணியோசை அன்று என் காதில் விழுந்ததென்று எழுதினால் மிகையென்பீர்கள்; ஆனால் அவர் மடல் நினைவுக்கு வந்தது உண்மை.

பிற்காலத்து மாற்றங்களை நான் ஓய்வுபெற்ற பின் வெளியிலிருந்தே கண்டேன். 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணி போன்ற படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொண்டான். மந்தம் என்று யாரும் எழுதவேண்டியதில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2012-13-இல் முப்பருவ முறை வந்து புத்தகப் பை இளைத்தது. ஆண்டு முழுவதும் கவனித்து மதிப்பிடும் வழக்கமும், ஓவியம், விளையாட்டு முதலியவற்றுக்கு அட்டையில் இடமும் வந்தன. தாடி கழன்ற சூசையப்பருக்கும் ஒரு கட்டம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். 2024 சூலையில் ஊரக உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு விரிவாக்கப்பட்டபோது, 1956-ஐக் கண்டவர்கள் கண்ணீர் விட்டோம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இளம் ஆசிரியைகள் வகுப்பு நடுவே கைபேசியில் விவரம் பதிவேற்றுவதைப் பார்க்கிறேன். வருகை, மதிப்பெண், உயரம், எடை எல்லாம் மேலே போகின்றன. அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் பழைய இன்ஸ்பெக்டரின் மேசைதான் வேறு உருவில் வந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஊரில் பிள்ளைகள் குறைந்து, ஆங்கிலப் பள்ளி வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கும் இக்காலத்தில், நம் பள்ளி ஞாயிற்றுக்கிழமை வாசிப்பை விட்டுவிடாமல் நடத்திவருகிறது. பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை. பிள்ளைகள் இல்லாத வீட்டாரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம், தடையில்லை.

யூபிலியை ஒட்டிப் பள்ளிக் கூடத்தில் ஒரு சிறு கண்காட்சி அமைக்கிறோம். வீட்டுப் பெட்டிகளில் பழைய தேர்ச்சி அட்டைகள், மன்றக் கையெழுத்து ஏடுகள், ஆண்டுவிழாப் படங்கள் இருந்தால் தலைமையாசிரியையிடம் கொடுத்துதவுங்கள். விழா முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தரப்படும். கைநாட்டு வைத்த அட்டைகள் கிடைத்தால் மிக நன்று. ‘மந்தம்’ என்று எழுதிய அட்டை யாரிடமாவது இருந்தால், அதை என்னிடம் நேரில் தரும்படி வேண்டிக்கொள்கிறேன்.