கதவிலக்கமும் வீட்டுப் பெயரும்: லேன் எமுலேஷன் முகவரிகளின் வரலாறு

மட்டாஞ்சேரிக் குடும்பம் ஒன்றிற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று வீட்டுப் பெயர். குடும்பம் இடம்பெயர்ந்தாலும் அது உடன்செல்லும். மற்றொன்று கதவிலக்கம், வட்ட எண், சாய்கோடு, கட்டட எண் என்னும் வரிசையில் அமைவது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகள் 1967 நவம்பர் 1 அன்று ஒரே மாநகராட்சியாயின. வட்ட எல்லை திருத்தப்படும்போது கதவிலக்கம் மாறக்கூடும். வீட்டுப் பெயர் மாறாது. ஒன்று இருப்பிடம் சுட்டும். மற்றொன்று இன்னார் எனச் சுட்டும். 1990களில் வலையமைப்பு வல்லுநர்கள் எதிர்கொண்ட சிக்கலும் இவ்விரண்டையும் இணைப்பதே.

ஈதர்நெட்டின் 48 பிட் முகவரி வீட்டுப் பெயரை ஒத்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற யோகன் தலாலும் ராபர்ட் பிரின்டிஸும் 1981இல் எழுதிய கட்டுரை, இவ்வெண் உலகெங்கும் தனித்ததாக இருத்தல் வேண்டும் என நிறுவியது. 53 பைட் கலங்களில் தரவு கடத்தும் ஏ.டி.எம். வலையமைப்பின் 20 பைட் முகவரியோ கதவிலக்கத்தை ஒத்தது. அதன் முதல் 13 பைட்டுகள் சுவிட்ச் அளிக்கும் முன்னொட்டு; அடுத்த 6 கருவியின் அடையாளம்; இறுதியில் ஒரு பைட் தெரிவி.

ஈதர்நெட் மென்பொருளை மாற்றாமலே ஏ.டி.எம். மீது இயக்க, ஏ.டி.எம். ஃபோரம் 1995 ஜனவரியில் லேன் எமுலேஷனின் முதற்பதிப்பை வெளியிட்டது. அதன் உறுப்புகள் நான்கு: கிளையன்ட், அமைவு வழங்கி, லேன் எமுலேஷன் வழங்கி, பரப்பு வழங்கி. ஒரே ரவுட்டரில் நான்கும் அமையின் முன்னொட்டு பொதுவாகிவிடும். எனவே எஞ்சிய 7 பைட்டுகளே அவற்றை வேறுபடுத்த வேண்டும். சிஸ்கோ நிறுவனம் இடைமுகத்திற்குரிய முகவரித் தொகுப்பின் முதல் எண்ணைக் கிளையன்டுக்கும், இரண்டாவதை லேன் எமுலேஷன் வழங்கிக்கும், மூன்றாவதைப் பரப்பு வழங்கிக்கும், நான்காவதை அமைவு வழங்கிக்கும் அளித்தது. தெரிவியில் துணை இடைமுக எண் இடம்பெற்றது. அமைவு வழங்கிக்கு மட்டும் அது சுழி.

புதிதாக வரும் கிளையன்ட் முதலில் அமைவு வழங்கியை நாடும். அது லேன் எமுலேஷன் வழங்கியின் முகவரியைக் கூறும். அவ்வழங்கி 16 பிட் அடையாள எண் ஒன்றைத் தந்து கிளையன்டைச் சேர்த்துக்கொள்ளும். பின்னர், 48 பிட்டும் ஒன்றாக அமைந்த பரப்பு முகவரிக்குரியவர் யார் என வினவிப் பரப்பு வழங்கியைக் கிளையன்ட் அறியும். அண்டையாரின் வீட்டுப் பெயரைக் கொடுத்துக் கதவிலக்கம் பெறுவதும் இதே வினவல் முறையில்தான்.

இந்த ஒழுங்கிற்கு ஒரு விலை இருந்தது. முதற்பதிப்பில் ஒரு வலையமைப்பிற்கு ஒரே லேன் எமுலேஷன் வழங்கி. அது செயலிழந்தால் புதிய வினவல்களுக்கு விடை கிட்டாது. அவ்வழங்கியை வேறு சுவிட்சுக்கு மாற்றினால் முன்னொட்டு மாறும்; அமைவு வழங்கியின் பட்டியலை நிர்வாகி திருத்தியே ஆகவேண்டும். 1998இல் கிகாபிட் ஈதர்நெட், வி.லேன் ஆகியவற்றின் தரநிலைகள் வெளிவந்தபின் இத்தகைய மொழிபெயர்ப்பின் தேவை பெரிதும் அருகியது.

ஆயினும் சிக்கல் மறையவில்லை. 2014இல் ஆவணப்படுத்தப்பட்ட வி.எக்ஸ்.லேன், தரவு மையங்களில் ஈதர்நெட் முகவரியை ஐ.பி. இருப்பிடத்தோடு பொருத்துகிறது. ஏ.டி.எம். வழக்கொழிந்தது, பெயருக்கும் இருப்பிடத்திற்கும் இடையே ஒரு பதிவேடு வேண்டும் என்னும் அதன் பாடம் நிலைத்தது.