பிரதம நீதியரசரை நீக்குவது யார் கையில்?

 

காணித் தகராறு என்றாலும், அரசாங்கம் நமக்கு அநியாயம் செய்தது என்றாலும், கடைசியில் நாம் சொல்வது ‘கோட்டுக்குப் போவோம்’ என்பதுதான். அந்தக் கோட்டின் உச்சியில் இருப்பவரை யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 107ஆவது உறுப்புரைப்படி, உயர் நீதிமன்ற நீதியரசர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். நீக்குவதாயின், பாராளுமன்ற உறுப்பினர்களில் மூன்றிலொரு பங்கினர் கையொப்பமிட்ட பிரேரணை வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் ஆதரிக்க வேண்டும். காரணம் ‘நிரூபிக்கப்பட்ட’ துர்நடத்தை அல்லது இயலாமையாக இருக்க வேண்டும்.

யார் முன்னிலையில் நிரூபிப்பது? அதைச் சட்டத்தின் மூலமோ நிலையியற் கட்டளை மூலமோ ஒழுங்குபடுத்தலாம் என்று அரசியலமைப்பு விட்டுவிட்டது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன நியமித்த பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன், 1984இல் ஒரு பரிசளிப்பு விழாவில் அரசாங்கத்தை விமர்சித்துப் பேசினார். உடனே 78ஏ என்ற நிலையியற் கட்டளை கொண்டுவரப்பட்டு, எம்பிமாரைக் கொண்ட தெரிவுக்குழு விசாரித்தது. துர்நடத்தை நிரூபணமாகவில்லை. அதே ஆண்டு 65 வயதில் அவர் ஓய்வு பெற்றார். ஆனால் அந்தக் கட்டளை புத்தகத்தில் அப்படியே கிடந்தது.

28 ஆண்டுகளின் பின் அது மறுபடி வெளியே வந்தது. திவிநெகும சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்பிக் கருத்துப் பெற வேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 எம்பிமார் கையொப்பமிட்ட, 14 குற்றச்சாட்டுகள் கொண்ட பிரேரணை சபாநாயகரிடம் போனது.

சொத்து, வங்கிக் கணக்கு பற்றிய அந்தக் குற்றச்சாட்டுகள் விசாரிக்கப்பட வேண்டியவைதான். விசாரித்த விதத்தைப் பாருங்கள். குழுவில் 11 பேர், அதில் 7 பேர் ஆளும் தரப்பினர். நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று டிசம்பர் 6ஆம் திகதி பிரதம நீதியரசர் வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சியினரும் வெளியேறினர். அதற்கடுத்த நாள் அறிக்கை தயார்! 3 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்றது அது.

இப்படியான விசாரணையை நிலையியற் கட்டளையால் நடத்த முடியாது, சட்டம் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் கேட்கவில்லை. 2013 ஜனவரி 11இல் 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. இரண்டு நாளில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அவரை நீக்கினார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை 2014இல் உயர் நீதிமன்றமே மாற்றியது.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், அவருக்குப் பின் வந்த மொஹான் பீரிஸின் நியமனமே செல்லாது என்று சொல்லி, புதிய வாக்கெடுப்பு எதுவுமின்றி அவரை மீண்டும் அமர்த்தினார்கள். மறுநாள் அவர் ஓய்வு பெற்றார். நீக்கியதும் அவசரம், திருப்பிக் கொண்டுவந்ததும் அவசரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொலிஸ் மா அதிபரை நீக்க 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் மூவர் குழு விசாரிக்கும். 2025இல் தேசபந்து தென்னக்கோன் அப்படித்தான் நீக்கப்பட்டார். பொலிஸ் மா அதிபருக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு 2013இல் பிரதம நீதியரசருக்கு இருக்கவில்லை.

நியமனமும் இப்படித்தான் ஆடியது. 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்றது. 18 அதை எடுத்தது, 19 கொடுத்தது, 20 எடுத்தது, 21 மீண்டும் கொடுத்தது.

மாகாண சபையின் அதிகாரத்துக்காகத் தீர்ப்புச் சொன்னவருக்கே இந்த நிலை என்றால், எண்ணிக்கையில் குறைந்த நமக்காகத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர் எதை நினைத்துப் பேனையை எடுப்பார்? ஆகவே எம்பிமார் ஊருக்கு வரும்போது பாதையும் கட்டடமும் கேட்பதோடு இதையும் கேட்போம்: நீதியரசர் மீதான குற்றச்சாட்டைச் சுயாதீனமானவர்கள் விசாரிக்க ஒரு சட்டம் கொண்டுவர நீங்கள் கை உயர்த்துவீர்களா?